எட்டு கிலோவைத் தாண்டிய துரை

இது நடந்த கதை. ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சரி சரி, டெய்லரே, முறைக்காதீர்கள். பூனையின் எடையில் மட்டும் கொஞ்சம் கை வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அப்படியே.

அந்த வீட்டுச் சமையல்காரிக்குத் தெருவில் பீரங்கி என்று பெயர். மீன்காரனிடம் அவள் பேரம் பேசினால் அடுத்த தெருவில் தூங்கும் குழந்தை எழுந்து உட்காரும். வீட்டம்மா முன்னால் மட்டும் நமத்துப்போன பட்டாசு. அந்த வீட்டில் அவள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் பூனையோடுதான். குட்டியாகச் சாக்கடையிலிருந்து அவள் தூக்கி வந்தது. துரை என்று கூப்பிடுவாள். அவள் குடியிருந்த ஒற்றை அறையில் அவளுக்காகக் காத்திருக்க ஒரு பல்லிகூட இல்லை.

குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பியது. வேலை போவதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. துரை போகிறாரே! அவருக்கு ஊசி போட்டார்கள், தோலுக்கடியில் அரிசி அளவு அடையாளச் சிப் வைத்தார்கள், வலை வைத்த பை ஒன்றும் வாங்கினார்கள்.

"இதுக்குள்ள சமத்தா உக்காரப் பழக்குறது உன் பொறுப்பு" என்றாள் வீட்டம்மா. "பையோட சேத்து எட்டு கிலோ தாண்டினா பிளேன்ல எங்ககூட ஏத்த மாட்டாங்க. சரக்கோட சரக்கா அனுப்ப எனக்கு மனசில்ல. அப்புறம் இங்கயே விட்டுட்டுத்தான் போகணும்."

'அப்போ என்கிட்ட குடுங்கம்மா' என்பது தொண்டைவரை வந்து, "சரிங்கம்மா" என்று வெளியே விழுந்தது.

பயிற்சி ஆரம்பமானது. பையைத் திறந்தால் உள்ளே மீன் துண்டு. ஜிப்பை மூடினால் இன்னொன்று. கத்தாமல் இருந்தால் அதற்கும் ஒன்று. அவள் சாப்பாட்டு மீனும் பைக்குள்தான் போனது. துரை பூசணியானார். சன்னலில் ஏறி உட்கார்ந்தால் வீடே இருட்டியது. புரண்டு படுத்தால் கீழ்வீட்டில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அவள் தன் அறையில் ஒரு கூடைக்குள் பழைய துணியை மெத்தென்று மடித்துப் போட்டு வைத்தாள்.

கடைசி வாரம் மிருக டாக்டர் வந்து எடை பார்த்தார். பை இல்லாமலே எட்டைத் தாண்டியது. பீரங்கிக்குச் சிரிப்பை அடக்க முந்தானை தேவைப்பட்டது.

"யாரு இதுக்கு இப்படி அள்ளிப் போட்டது?" என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்ச நாள் போனா மூச்சு வாங்கியே செத்துடும்."

வீட்டம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"விட்டுட்டுத்தான் போகணும். ஆனா இவகிட்ட விட்டா கொன்னே போட்டுடுவா. மாடிவீட்டு டீச்சர்கிட்ட குடுத்துடலாம். அவங்க அளந்து போடுவாங்க."

டீச்சர் வந்தார். யாரும் சொல்லாமலே துரை பைக்குள் போய்ச் சமத்தாக உட்கார்ந்தார். ஜிப்பை மூடியது பீரங்கிதான். மூடியதும் வழக்கமான துண்டுக்காக அவர் வலை வழியே அவளையே பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை.

"அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு?" என்றார், இதுவரை என் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த டெய்லர்.

"என்ன தப்பா? சாக்கடையிலேருந்து தூக்கி வளத்தவ யாரு?" என்று பாய்ந்தாள் பக்கத்திலிருந்த அவர் மனைவி.

"அப்போ வாயத் தொறந்து கேட்டிருக்கணும்ல?"

"ஆமா, நீங்க ரொம்பக் கேட்டுட்டீங்க! தனிக்குடித்தனம் போகலாம்னு உங்கம்மாகிட்ட ஒரு தடவ கேட்டிருக்கீங்களா?"

"எங்கம்மாவ ஏன்டி இதுல இழுக்கிற?"

"இழுப்பேன்! பூனைக்காவது பையில இடம் இருந்துச்சு, அந்த வீட்ல எனக்கு எங்க இருக்கு?"

நாற்காலி ஒன்று கவிழ்ந்தது.