பாத டாக்டர் பெண்டாட்டியின் குதிகால்

என் தங்கை புருஷனுக்கு நான் வைத்த பெயர் குதிகால். ஊரார் அவரைப் பாத டாக்டர் என்று கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடு மொத்தமும் தலைக்கு ஏறிவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில்கூட வாசலில் கிடக்கும் ஷூவைத் திருப்பிப் பார்த்து, "இதப் போட்டவருக்கு முழங்கால் வலி இருக்கணுமே" என்று ஜோசியம் சொல்வார். சில சமயம் பலித்துத் தொலைக்கும். அப்புறம் சாப்பிட்டு முடிக்கும்வரை அதே பேச்சுதான்.

க்ளினிக்கில் மட்டும் ஆள் வேறு. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் தரையில் மண்டியிடுவார். பாதத்தைக் கையில் ஏந்தி, கணுக்காலை நேராகப் பிடித்துக்கொண்டு நுரைப் பெட்டியில் மெதுவாக அமுக்குவார். அதில் பதியும் அச்சை வைத்துத்தான் ஷூவுக்குள் போடும் இன்சோல் தயாராகும். எழுந்து நின்று மிதித்தால் உடம்புக் கனத்தில் பாதம் பரந்து அச்சு கெட்டுவிடுமாம். முன்பின் தெரியாதவன் காலுக்கு அவ்வளவு மரியாதை!

கட்டின பெண்டாட்டி காலுக்கு? என் தங்கை சலூனில் முடி வெட்டுகிறவள். நாள் முழுக்க நின்றபடி வேலை. குதிகாலில் வலி வந்து, காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "நிக்க முடியலன்னா சொல்லிடும்மா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சலூன்காரி சொல்லிவிட்டாள். அந்த வேலைதான் தங்கைக்கு உயிர்.

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் ஷூவ எடுத்துட்டு வா" என்றாராம். திருப்பிப் பார்த்தார். "உள்பக்கமா தேஞ்சிருக்கு. தட்டைப் பாதம். இதுக்குக் கால வேற பாக்கணுமாக்கும்!"

அந்த ஷூவின் அளவிலேயே, உள்பக்கம் மேடாக ஒரு ஜோடி இன்சோல் வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவள், கையில் கத்தரிக்கோலோடு கணுக்கால் மடங்கி விழப் பார்த்தாள். "கால சரி பண்ணிட்டு வா, இல்லன்னா வராத" என்று சலூன்காரி அனுப்பிவிட்டாள்.

நான் பார்க்கப் போனபோது இன்சோல் மூலையில் கிடந்தது. எரிச்சலில் எடுத்து என் ஷூவுக்குள் போட்டு நடந்து பார்த்தேன். ஆஹா, எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது!

"எந்த ஷூவடி அவருகிட்ட காட்டின?"

"அந்தக் கறுப்பு ஷூதான்க்கா. நீ போட்டுட்டுக் குடுத்தது."

எனக்குத்தான் தட்டைப் பாதம். அது உள்பக்கம் தேய்ந்தது என் காலில். சின்ன வயதிலிருந்தே நான் கழித்துப்போட்டது அவளுக்குப் போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைக் கைத்தாங்கலாக க்ளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "மாப்ளே, நீங்க ஜோசியம் பாத்தது என் காலுக்கு. உங்க பொண்டாட்டி கால இன்னும் யாரும் பாக்கல."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்போதும் பாய்ந்தது அவள் மேல்தான். "அது உன் ஷூ இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என் ஷூதாங்க. எனக்கு வேற எது இருக்கு?"

அவர் நாற்காலியைக் காட்டினார். மண்டியிட்டு அவள் பாதத்தைக் கையில் எடுத்தார். தட்டையாவது ஒன்றாவது, உள்ளங்கால் வளைவு நன்றாகக் குழிந்து இருந்தது. ஜோசியர் நுரைப் பெட்டியை இழுத்தார். அன்று எடுத்த அச்சில் செய்த இன்சோலைப் போட்டுக்கொண்டுதான் அவள் இப்போது பழையபடி சலூனில் நிற்கிறாள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அச்செடுத்து முடித்து, எல்லா நோயாளியிடமும் கேட்கிற பழக்கத்தில் அவளிடமும் கேட்டார். "புது ஷூ ஒண்ணு வாங்கணும். உன் சைஸ் என்ன?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. எனக்குன்னு வாங்கினதே இல்லையே."

அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். நாற்காலியடியில் அவள் கழற்றி வைத்திருந்தது நான் போட்டுக் கழித்த அந்தக் கறுப்பு ஷூ.