ரோஜாவுக்குத் தாகம்

என் தங்கையின் கதையை நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவள் புருஷனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின், ஜன்னலோரம் வெட்டுமேசை, காலடியில் எப்போதும் துணித்துண்டுகள். அவளிடம் ஒருமுறை துணி கொடுத்தவர்கள் வேறு கடை தேட மாட்டார்கள். அவன் ஏசி மெக்கானிக். எங்கள் வீட்டில் அவனுக்கு ‘மீட்டர்’ என்று பெயர். சோப்பு எத்தனை நாள் வந்தது, குழாய் எவ்வளவு நேரம் ஓடியது, அவள் என்னோடு எத்தனை நிமிடம் போனில் பேசினாள், எல்லாவற்றையும் அளப்பான்.

பால்கனியில் அவள் ஒன்பது தொட்டி வைத்திருந்தாள். ஒருநாள் அவன் ஒன்பதிலும் சென்சாரைக் குத்தி வைத்தான். மண்ணில் ஈரம் குறைந்தால் வீட்டு வைஃபை வழியாக அவன் போனுக்குச் செய்தி போகும். அவ்வளவுதான், பிடித்தது சனி. அவள் ஊசியில் நூல் கோர்க்கும்போது அழைப்பு வரும்.

“ரோஜாவுக்குத் தாகம்னு ஆப் சொல்லுது. வீட்ல என்னதான் பண்ற?”

“எனக்குந்தான் தாகம். காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல.”

“அதுக்கு ஆப் இல்ல,” என்று வைத்துவிட்டான்.

போன வருஷம் அவனே சண்டை போட்டுக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனான். போனவன் சும்மா இருந்தானா? ஒன்பது வயது மகளைத் தன்னிடம் விட வேண்டும் என்று குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டான். பாப்பா இல்லாவிட்டால் என் தங்கை ஆளாகவே இருக்க மாட்டாள். நீதிமன்ற ஆலோசகர் முன்னால் உட்கார்ந்த அன்று அவளால் தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், உலக உத்தமன் மாதிரி வந்தான். போனை எடுத்து ஆலோசகரின் மேசையில் வைத்தான்.

“பாருங்க மேடம். போன மாசம் நாலாந்தேதிலேருந்து எட்டாந்தேதி வரைக்கும் ஒரு தொட்டிக்கும் தண்ணி ஊத்தல. வீடு பூட்டித்தான் கெடந்திருக்கு. என் பொண்ண இழுத்துக்கிட்டு இவ எங்க சுத்துனா?”

வீட்டை விட்டுப் போன பிறகும் அவன் அந்தச் சென்சார்கள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆஸ்பத்திரியில இருந்தோம் மேடம்,” என்றாள் தங்கை. “பாப்பாவுக்கு டைஃபாய்டு. முதல் நாளே இவருக்குப் பதினோரு தடவ போன் பண்ணேன்.”

“பச்சப் பொய். ஒரு கால்கூட வரல.”

நான் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். ஆலோசகர் தேதிகளைப் பார்த்தார். பிறகு தங்கையிடம், “இப்பக் கூப்பிடுங்க,” என்றார்.

அவள் அழைத்தாள். மேசையில் கிடந்த அவன் போன் அசையவே இல்லை.

“இவங்க நம்பர பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களா?”

“தொந்தரவா இருந்துச்சு மேடம். அதான்...”

அவன் முடிப்பதற்குள் போன் டிங் என்றது. ஆலோசகர் குனிந்து, திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

“ரோஜாவுக்குத் தாகம்.”

பாப்பா அம்மாவிடமே இருக்கட்டும் என்று ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். நீதிபதியும் அப்படியே சொல்லிவிட்டார். தீர்ப்பு வந்த அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை நேராகப் பால்கனிக்குப் போய், ஒன்பது சென்சாரையும் பிடுங்கி, பேட்டரியை உருவித் துணித்துண்டுகளோடு குப்பையில் போட்டாள்.

“அவன் நம்பரயும் பிளாக் பண்ணித் தொலைடி,” என்றேன்.

“வேணாங்க்கா. பாப்பாவப் பத்திக் கேக்கணும்னு தோணுச்சுன்னா?”

மறுநாள் காலையில் பிளாக்கை எடுத்துவிட்டு அவனே செய்தி அனுப்பினான்.

“ஒம்போது சென்சாரும் ஆஃப்ல இருக்கு. என்ன பண்ணின?”

தங்கையின் கையிலிருந்த போனைப் பிடுங்கி நான்தான் பதில் அனுப்பினேன்.

“பாப்பாவுக்கு இப்ப காய்ச்சல் இல்ல.”