நீலப் பூ போட்ட கிழிசல்

எழுபதுகளின் நடுவில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுளகில் காயைப் பரப்பி, வெடித்ததையும் பூச்சி அரித்ததையும் தள்ளிவிட்டு நல்ல காயை மட்டும் பொதுக் குவியலில் போடுவோம். வாய் ஓயாமல் பேசுவோம். அத்தனை ஒற்றுமை.

புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்தார். குரல் உயர்த்தாத மனிதர். யார் சுளகையும் வந்து பார்க்க மாட்டார். ஒரு நாள் காய் வாங்க வந்த வியாபாரி, நல்ல காயோடு வெடித்த காய் கலந்திருக்கிறது என்று மூட்டையைத் தள்ளிவிட்டுப் போனார். எங்களை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மேற்பார்வையாளரோ கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, “இது யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்” என்றார்.

அவ்வளவுதான். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. ஒருவர் சுளகை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தோம். ஒரு வாரத்துக்குள், யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலே, குமுளிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்திருந்த ஓர் அக்கா மேல் எல்லார் சந்தேகமும் விழுந்தது. அவள் செய்த குற்றம், மலையாளம் கலந்து பேசுவதும் அதிகம் பேசாததும்தான். அவள் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர்ச் செம்பு அவளைத் தாண்டிப் போனது. தாண்டிக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று.

இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு மூட்டைகள் தள்ளுபடியாயின. அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க நான்தான் வழி சொன்னேன். இனிப் பொதுக் குவியல் வேண்டாம், அவரவர் காயை அவரவர் பையில் போட்டு, அடையாளத்துக்கு அவரவர் பழைய சேலைக் கிழிசலால் வாயைக் கட்டிவிடுவோம் என்றேன். “செய்யுங்க” என்றார் மேற்பார்வையாளர். அவர் எதையுமே வேண்டாம் என்றதில்லை.

அடுத்த முறை வியாபாரி பைகளைப் பிரித்துக்கொண்டே வந்தார். ஒரு பையைக் கவிழ்த்ததும் முகம் சுளித்தார். பிடிக்குப் பாதி வெடித்த காய்! அவிழ்த்த கிழிசலை அவர் வீசியது நேராக என் காலடியில் வந்து விழுந்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. மேற்பார்வையாளரும் குனிந்து பார்க்கவில்லை. “யாருன்னு தெரியும்” என்று பழைய பாட்டையே பாடினார். ஏழு தலைகளும் அந்த அக்கா பக்கம் திரும்பின.

அவள் சுளகைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். வேலையை விட்டுப் போகத்தான் எழுகிறாள் என்று புரிந்தது. என் காலடியில் கிடந்ததோ நீலப் பூ போட்ட கிழிசல். என்னுடையது. காலை ஒரு விரற்கடை நகர்த்தினால் மறைந்துவிடும். இரண்டு மாதமாக அவள் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நான், என் சுளகைப் பார்க்கவே இல்லை.

கிழிசலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“இது என் சேலை. கெட்டுப்போனது என் காயி. அக்கா, நீங்க உக்காருங்க” என்றேன். அதோடு விடுவதாக இல்லை. மேற்பார்வையாளர் பக்கம் திரும்பி, “ரெண்டு மாசமா உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாருய்யா? இப்பச் சொல்லுங்க” என்று கேட்டேன்.

“யாரையும் தெரியாது. அப்படிச் சொன்னாப் பயந்து ஒழுங்கா வேலை செய்வீகன்னு பாத்தேன்” என்றார் தரையைப் பார்த்தபடி.

“இனிமே தெரிஞ்சா பேரைச் சொல்லுங்க. தெரியலைன்னா சுளகை வந்து பாருங்க” என்றாள் வரிசையின் கடைசியில் இருந்தவள். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். அன்றைக்கு என் பையிலிருந்த காய் முழுவதையும் நானே மறுபடி பொறுக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் அந்த அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து செம்பை நீட்டினேன். உடனே வாங்கவில்லை. “இத்தனை நாளு எனக்குத் தாகமே எடுக்காதுன்னு நினைச்சியோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினாள்.

பிற்காலத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு நானும் வந்தேன். ஏதாவது தப்பு நடந்தால் “யாருன்னு தெரியும்” என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வரும். அதை அப்படியே விழுங்கிவிட்டு, ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த வார்த்தை ஒருத்தியின் வாய்த் தண்ணீரைப் பறித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.