வானொலியில் எனக்குக் கிடைத்த முதலாளி வேஷம்

மலேசியாவில், கோலசிலாங்கூரில் நானும் என் மனைவியும் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஊர்க்காரர்கள் சிலர் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளை எடுத்து ஒரு சமூக வானொலி தொடங்கினார்கள். கைப்பேசியிலேயே கேட்கலாம். மலாய், சீனம், ஜாவா, தமிழ் என்று ஒவ்வொரு மொழிக்கும் வாரத்தில் கொஞ்ச நேரம் உண்டு. தமிழ் நேரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பாலர்பள்ளி ஆசிரியை. எங்கள் கடையில்தான் தேநீர் குடிப்பார்.

ஒருநாள் கல்லாவில் நின்ற என்னிடம், "பாய், உங்க குரல் நல்லா கனமா இருக்கு. ரேடியோ நாடகத்துக்கு ஒரு புருஷன் வேணும். வாறீங்களா?" என்றார்.

"ஆர்டர் கத்துற குரல் டீச்சர் இது," என்றேன். அவர் விடவில்லை.

நாடகம் இனிப்புநீர் என்னும் சர்க்கரை வியாதியைப் பற்றியது. காலில் வந்த புண்ணை மறைக்கிறான் கணவன். மனைவி கண்டுபிடித்துக் கிளினிக்குக் கூட்டிப்போகிறாள். தோட்டங்களில் அப்படி மறைத்துக் காலையே இழந்தவர்களை ஆசிரியைக்குத் தெரியும். துண்டறிக்கை கொடுத்தால் மடித்து வைத்துவிடுகிறார்கள், கதையாகச் சொன்னால் கேட்பார்கள் என்பது அவர் எண்ணம். மனைவியாக நடிக்க, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் ஒரு பெண்மணி வந்தார். கோயில் திருவிழா நாடகங்களில் நடித்துப் பழகியவர்.

முதல் ஒத்திகையில் "குழம்பு ஊத்து" என்று நான் சொல்ல வேண்டும். வாயில் வந்ததோ, "ஆணம் ஊத்து புள்ள."

"ஆணியா? கால்ல புண்ணுன்னுதானே பாய் எழுதியிருக்கு?" என்றார் அந்தப் பெண்மணி.

எங்கள் வீட்டில் குழம்புக்கு ஆணம் என்றுதான் பெயர். அத்தா தமிழ்நாட்டில் தம் கடற்கரை ஊரிலிருந்து கொண்டுவந்த பேச்சு. விளக்கிச் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே அவருக்குச் சிரிப்பு. ஒலிப்பதிவு செய்த மலாய்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வேற ஆளைப் பாருங்க டீச்சர்," என்று எழுந்தேன்.

"உக்காருங்க பாய்," என்றார் அந்தப் பெண்மணி. இப்போது அவர் சிரிக்கவில்லை. "நீங்க எங்க தோட்டத்து லயத்து ஆளு மாதிரி பேச வேணாம். உங்க பேச்சே கேக்க நல்லாத்தான் இருக்கு. புருஷன் பொண்டாட்டின்னு இல்லாம, நீங்க சாப்பாட்டுக் கடை மொதலாளி, நான் அங்க சமைக்கிற பொம்பளைன்னு வச்சுக்குவோமே. மொதலாளி நொண்டுறதை நான் கண்டுபிடிக்கிறேன்."

ஆசிரியை அங்கேயே உட்கார்ந்து கதையை மாற்றினார். அதன்பின் நடிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை, கடையில் பேசுவது போலப் பேசினேன். கிளினிக்குப் போகும் காட்சியில் மழை பெய்ய வேண்டும். ஒலிப்பதிவுக்காரர் எங்கள் அடுப்படிக்கு இறங்கிவந்து, என் மனைவி கொதிக்கும் எண்ணெயில் வெங்காயம் போடும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனார். கேட்டால் அசல் மழைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம் ஒலிபரப்பானது. முடிந்ததும் நேயர்கள் பேசும் நேரம். நானும் அந்தப் பெண்மணியும் மேல்மாடியில் இருந்தோம். சுங்கை பெசாரிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"எங்க வீட்டுக்காரரும் ரெண்டு வாரமா காலைக் காட்டவே மாட்டேன்னாரு. இப்ப இதைக் கேட்டுட்டு, சரி போவோம்னு சொல்றாரு."

"நாளைக்கே கூட்டிட்டுப் போயிருங்கக்கா. மனசு மாறிடப் போறாரு லா," என்றார் என்னோடு நடித்தவர். அழைத்தவர் சிரித்துவிட்டார்.

கீழே இறங்கினால் என் மனைவி காத்திருந்தாள்.

"மச்சான், நீங்க கடைசியா எப்ப ரத்தம் சோதிச்சுப் பாத்தீங்க?"

"எனக்கென்ன புள்ள, நல்லாத்தானே இருக்கேன்."

"நாடகத்துலயும் இதையேதான் சொன்னீங்க."

மறுநாள் காலையில் கிளினிக்குப் போனோம். சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது, மருந்து தேவைப்படாது, வாயைக் கட்டி நடந்தால் போதும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இருவருக்கும் மனசு லேசாகிவிட்டது.

இப்போது ஒலிப்பதிவுக்காரர் அந்த நாடகத்தை மலாய் நேரத்துக்கு எடுக்கிறார். கதையை ஆசிரியையிடம் வரிவரியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அதிலும் முதலாளி நான்தானாம். நாளெல்லாம் கடையில் பேசுகிற மலாய்தானே என்று ஒப்புக்கொண்டேன். இந்தத் தடவை என் மனைவியும் ஒரு வேஷம் கேட்டிருக்கிறாள். டாக்டராக நடிக்கிறாள்.