மேனேஜரைச் செய்துகாட்டிய மதியம்

ஒற்றை ஆளாய் மேடையேறி ஊராரின் குரலையும் நடையையும் செய்துகாட்டும் விகடக் கச்சேரி, அன்றைக்குக் கல்யாண வீடுகளில் பாயசத்துக்கு அடுத்த பதார்த்தம். ராமநாதபுரத்துக்கு வந்துபோன விகடக்காரர் ஒருவரை, அழைப்பில்லாத நான்கு கல்யாணங்களுக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்தாவது கல்யாணத்தில் நானே ஏறிவிட்டேன். கடற்காற்றைப் போல எனக்கும் ஓரிடத்தில் உட்கார வராது. பிறத்தியார் உடம்புக்குள் புகுவதும் புறப்படுவதும் சுகமாக இருந்தது.

வயிற்றுப்பாடு வேறு. தேவிபட்டினம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக வாத்தியார். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கையெழுத்து, பள்ளி மேனேஜரின் பேனாவுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

அவர் மகள் கல்யாணம் வந்தது. மதியப் பந்தி முடிந்து, பல் குத்தியபடி ஊரே பந்தலில் சாய்ந்திருக்க, நான் ஏறினேன். மீன் ஏலம் விடுகிறவர், ராமேஸ்வரம் ரயிலில் டிக்கெட் பார்க்கிறவர், தபால்காரர் என்று வரிசையாகச் செய்தேன். பந்தல் குலுங்கியது. இறங்கியதும் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏலே வாத்தியாரே, இங்கன வா. ஊர்ல ஒருத்தனையும் விடல. என்னைய மட்டும் ஏன் விட்ட?"

"அய்யாவைப் போயி..."

"தபால்காரனுக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லையோ? ஏறுலே."

ஏறினேன். வேறு வழியில்லை. வயிற்றைத் தள்ளினேன், பெல்ட்டை அவிழ்த்து இறுக்கினேன், "அதாகப்பட்டது" என்று மூன்று தரம் தொடங்கினேன், சொல்ல வந்ததை மறந்தேன், மறந்ததற்குப் பள்ளிக் கணக்குப்பிள்ளையை வைதேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பந்தல் மொத்தமும் மேனேஜரின் முகத்தையே பார்த்தது. அவர் தொடையில் அடித்துச் சிரித்தார். அனுமதி கிடைத்த பிறகு ஊர் சிரித்தது.

"எங்க மச்சினனை அப்படியே உரிச்சு வச்சிட்டலே," என்று கண்ணைத் துடைத்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அந்த மச்சினர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "ஒண்ணும் வெளங்காத பய, இப்படித்தான் பேசுவான். சரி, இப்ப என்னையச் செய்யி."

என் சரக்கு அத்தோடு தீர்ந்திருந்தது. கைகளைப் பின்னால் கட்டினேன். தாடையை உயர்த்தி, தலைகளுக்கு மேலே கடல் இருக்கும் திசையைப் பார்த்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன். அந்த அரை நிமிஷம் நான் அவருமில்லை, யாருமில்லை. ஒரு கையெழுத்துக்காக நட்டுவைத்த கம்பம்.

"இதான்லே நான்," என்றார், நெஞ்சை நிமிர்த்தி. பெல்ட்டை அவிழ்த்து இறுக்கினார். "அதாகப்பட்டது..." என்றவர் கணக்குப்பிள்ளையிடம் திரும்பி, "என்னய்யா சொல்ல வந்தேன்?" என்றார். பெண்கள் பக்கம் சேலைத் தலைப்புகள் வாய்க்குள் போயின.

திங்கட்கிழமை கையெழுத்து விழுந்தது. நிரந்தரமானேன்.

மச்சினர்தான் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. தன்னைச் செய்துகாட்டியதில் அவருக்கு வருத்தமே இல்லையாம். வயிற்றை அவ்வளவு பெரிதாகக் காட்டியிருக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.