பத்தாவது சேர்க்கை

கல்லூரியைச் சுற்றிக் காட்டும் வேலைக்கு முதல் தகுதி, தடுக்கி விழாமல் பின்னோக்கி நடப்பது. சிரித்த முகம் எப்போதும் பெற்றோர் பக்கமே இருக்க வேண்டும். ஒரு கோடையாவது இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரவணம்பட்டிப் பக்கம், நான் படித்த பொறியியல் கல்லூரியிலேயே எனக்கு வேலை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் என் தங்கைக்கு அங்கே பாதிக் கட்டணம். முழுக் கட்டணம் எங்களால் ஆகாது. பத்துப் பேர் வந்தால் அவள் படிப்பாள், அவ்வளவுதான்.

மாதிரி அறை

விடுதியின் தரைத்தளத்தில் ஓர் அறை எப்போதும் ஏசி போட்டுத் தயாராக இருக்கும். மேசையில் புத்தகம், கொக்கியில் துண்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு. நான் படித்த நான்கு வருடமும் அந்தச் செருப்பு நகரவில்லை. இங்கே யாராவது தங்குகிறார்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து மகளோடு வந்த ஓர் அம்மா மட்டும் கட்டிலில் உட்கார்ந்தார். தலையணையை எடுத்து முகர்ந்தார். இருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, இதுல ஒரு புள்ளையோட தல வாசமும் இல்லீங்களே."

சுவரில் இருப்பவள்

வேலை கிடைத்தவர்களின் படங்கள் ஒரு சுவர் முழுக்க இருக்கும். மூன்றாவது வரிசையில் என் படம், ஒரு பெங்களூர் நிறுவனத்தின் பெயரோடு. வேலைக் கடிதம் வந்தது உண்மை. சேரும் தேதி மட்டும் வரவேயில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். சுவரில் வெற்றிடம் தெரியும் என்றார்கள். அந்த இடத்தில் மட்டும் வேகமாக நடப்பேன்.

கோட்டைமேட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் அங்கே நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பெங்களூர்ல இருக்குதுன்னு போட்டிருக்கு. அப்ப எங்ககூட நடந்து வர்றது யாரும்மா?"

சத்தமில்லாத விலை

நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணத்தை எங்கள் அலுவலகத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை. சேர்க்கை அதிகாரி வந்தவரின் வாட்சைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார். கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டித் திருப்பிக் காட்டுவார். உடனே அழித்துவிடுவார்.

கொடுமுடி விவசாயி ஒருவர் அழிந்துபோன திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "போன வாரம் என்ற மச்சான் வந்தப்ப இது வேற நம்பர் காட்டுச்சாமுங்க. ஆளப் பாத்தா இதுக்கு அடையாளந் தெரியுமுங்களா?"

பத்தாவது ஆள்

ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். எனக்குக் கொடுத்த கெடுவின் கடைசி நாளில், லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் மகளோடு வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை நிறுத்தினார். "உனக்குக் கூடப்பொறந்தவ இருந்தா இங்க சேத்துவியா கண்ணு?"

"என்ற தங்கச்சியச் சேத்தத்தான் போறேனுங்க, அடுத்த வாரம்," என்றேன். அது உண்மை. அவர் முகம் தெளிந்து கையெழுத்துப் போட்டார்.

மகள் மட்டும் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டாள்: "ஏனுங்கக்கா, உங்க தங்கச்சிக்கும் எனக்கும் ஒரே ஃபீஸுங்களா?"

அந்தக் கோடை முழுக்க நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என் தங்கைக்குக் குறைத்த பாதிக் கட்டணம் அந்தக் கால்குலேட்டரில் யார் தலையில் ஏறுகிறது என்பதை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.