அம்மாவிடமிருந்து ஓர் அப்பாடா

பலாபத்வலவில் எங்கள் அப்பாவின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு கிடந்தது. நாலந்தாப் பக்கமிருந்து மாத்தளைக்குப் போகிற கரத்தைக்காரர்கள் வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டு அதில்தான் வந்து விழுவார்கள். உட்கார்ந்ததும் வாயில் முதலில் வருவது "அப்பாடா". தேத்தண்ணி கேட்பதுகூட அதற்குப் பிறகுதான். துணி மூட்டை சுமந்து வரும் முஸ்லிம் வியாபாரி நானா மட்டும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். ஆனால் மூட்டை தோளைவிட்டு இறங்கும்போது அவருக்கும் பாதி அப்பாடா வந்துவிடும்.

ஏழு வயதிலேயே இந்த விஷயத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. கரத்தைக்காரருடைய அப்பாடா நீளமானது, பாதி வழியில் கொட்டாவியாகிவிடும். அப்பாவுடையது குட்டை. சுகாதார இன்ஸ்பெக்டர் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் அது வரும். மாமாவோ உட்காருவதற்கும் சொல்வார், எழுந்திருப்பதற்கும் சொல்வார்.

அம்மா சொல்லி மட்டும் நான் கேட்டதே இல்லை. தலையிலிருந்து விறகுக் கட்டை இறக்கினாலும் சரி, அம்மியைக் கழுவி நிமிர்த்தினாலும் சரி, வாயை இறுக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

மாமா அம்மாவின் தம்பி. அந்த வருஷம்தான் இந்தியாவிலிருந்து வந்து மாத்தளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சோறு. ஒரு ஞாயிறு, அடுப்படியில் உட்கார்ந்து என்னைச் சீண்டினார்.

"ஒங்கம்மா வாயால ஒரே ஒரு அப்பாடா வாங்கிக் காட்டு பாப்பா. ஒரு மொழம் செவப்பு ரிப்பன் தர்றேன்."

நான் துள்ளிக் குதித்தேன். அப்பா சிரிக்கவில்லை. எதையோ எடுக்கப் போகிறவர்போலக் கடைப்பக்கம் போய்விட்டார்.

அந்த ரிப்பனுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அம்மாவுக்குப் பதிலாகத் தண்ணீர் தூக்கி வந்து, பாதியை அடுக்களையில் கொட்டி, அவளுக்கு இரண்டு வேலை வைத்தேன். சாயங்காலம் கால் பிடித்துவிட்டேன். "இப்ப என்னடி வேணும் ஒனக்கு?" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் பாதி ஊரைப் படுக்கப் போட்ட மலேரியா. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் தபால் பஸ் கடையைத் தாண்டுகிற நேரத்துக்குச் சரியாகக் குளிர் ஆரம்பிக்கும். வீட்டிலிருந்த சாக்கையெல்லாம் மேலே போட்டாலும் பல் கிட்டிக்கும். பிறகு உடம்பு கொதிக்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பேன்.

அப்படி ஒரு நல்ல நாளில்தான், ஞாயிறன்று, மாமா வந்தார். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்பாடா! விட்டுருச்சுக்கா."

அம்மா கையிலிருந்த அகப்பையைப் போட்டாள்.

"வாய மூடுடா. பெரியவனுக்கும் இப்புடித்தான் விட்டுச்சு. நானுந்தான் அப்பாடான்னு உக்காந்தேன். மறுநாளு புள்ள இல்ல."

பெரியவன் என்றால் நான் பிறப்பதற்கு முன்பிருந்த அண்ணன் என்பது தெரியும். அதற்கு மேல் தெரியாது. எனக்கு ரிப்பன் கிடைக்கக் கூடாதென்றே அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை தபால் பஸ் போனது. எனக்குக் குளிர் வரவில்லை. அம்மா அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். புதனும் வெள்ளியும் அப்படியே கழிந்தன. அடுத்த ஞாயிறு பஸ் வரும் நேரத்துக்கு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். மாமாவும் அப்பாவும் பின்னால் நின்றார்கள். பஸ் வந்தது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அம்மா புறங்கையை என் கழுத்தில் வைத்தாள். புழுதியெல்லாம் அடங்கின பிறகும் எடுக்கவில்லை.

பெஞ்சில் இரண்டு கரத்தைக்காரர்கள் இருந்தார்கள். ஆம்பிளைகள் உட்காருகிற அந்தப் பெஞ்சில் அம்மா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இப்போது அவர்கள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

"அப்பாடா" என்றாள்.

அதில் சத்தம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் மூச்சு.

"மாமா, கேட்டீங்களா? அம்மா சொல்லிட்டாங்க! நாந்தான் ஜெயிச்சேன்!" என்று கடை அதிரக் கத்தினேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து ரிப்பனை எடுத்தார். ஒரு முழம் இல்லை, இரண்டு முழம். அம்மா அதை வாங்கி, என்னை முழங்காலுக்கிடையில் நிறுத்திப் பின்னலில் கட்டத் தொடங்கினாள். இரண்டு மூன்று தடவை கட்டியும் முடிச்சு விழவே இல்லை. திரும்பிப் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள்.

பந்தயத்தில் தோற்றவர் மாமா. அதற்கு அம்மா எதற்கு அழுகிறாள் என்று விளங்காமல், ரிப்பன் கோணிப்போய்விடுமே என்ற ஒரே கவலையில், ஆடாமல் அசையாமல் நின்றேன்.